வியாழன் வாசலில் கிடந்த கல்

கழுகோடைக்குக் கல் வந்து இறங்கிய அன்றைக்கு ஊரில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை, ஏனென்றால் அது பங்குனி வெயில், அந்த வெயிலில் அண்ணாந்தால் கண் அவிந்துபோகும் என்று கரிசல்காட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், அதனால் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே இருக்க, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர்கள் அடுக்கியபடியே இருக்க, ராஜா ஸ்டூடியோவுக்குப் பின்னாலிருந்த பொட்டலில், வேலிக்கருவைக்கும் தண்ணி டேங்குக்கும் நடுவே, அது மெள்ள வந்து சத்தம் காட்டாமல் உட்கார்ந்தது. மேலே இருந்தவரைக்கும் அது பல மைல் அகலம் என்று பிற்பாடு சொன்னார்கள். இருக்கட்டும், அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற ஆள் குடையை மடக்கிக்கொள்வது போல அதுவும் வருகிற வழியில் தன்னை மடக்கிக்கொண்டு, ஒரு டவுன் பஸ் அளவுக்கு ஆகித்தான் வந்தது. நல்ல வளர்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் பார்த்தது முத்துக்கருப்பி. ஸ்டூடியோ அவளுடையது. படம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் பின்வாசலைத் திறந்தவள் வாளியும் கையுமாக நின்றுவிட்டாள். அப்படியொரு கறுப்பை அவள் தன் இருட்டறையில்கூடப் பார்த்ததில்லை. மழைக்கு மறுநாள் உழுதுபோட்ட கரிசல் அதற்குப் பக்கத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. டேங்கிலிருந்து பறந்துவந்து அதன் உச்சியில் உட்கார்ந்த காக்கா அந்த நிமிஷமே சாம்பல் புறாவாகிப் போனது. கிட்டப்போய்க் கையை வைத்துப் பார்த்தாள். மண்பானை மாதிரிச் சில்லென்று இருந்தது. முதல் மழைக்குக் கரிசலில் ஒரு வாசம் கிளம்புமே, அதில் கொஞ்சம் தார் கலந்தாற்போல மணத்தது. "வா" என்றாள் முத்து. வீட்டுக்கு வந்தவர்களை வேறு எப்படிக் கேட்பது.

"ஏட்டி, யாருகிட்டப் பேசுத?" என்று உள்ளேயிருந்து அவள் அம்மா சீனியம்மாள் கத்தினாள்.

"கல்லும்மா. மேலருந்து வந்திருக்கு."

"சரி, சோறு ஆறிப்போகும். தின்னுட்டு வந்து பாக்கேன்."

முத்துக்கருப்பி என்ற பேர் குலசாமி கருப்பனுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பேர். கழுகோடைக்காரர்கள் கறுப்புச்சாமிக்குக் கிடா வெட்டுவார்கள், கறுப்பு மண்ணில் பருத்தி விதைப்பார்கள், கறுப்பு எருமைப் பால்தான் காப்பிக்கு எடுக்கும் என்பார்கள், மகனுக்குப் பெண் என்றால் மட்டும் சிவப்பாக வேண்டும் என்பார்கள். மாப்பிள்ளை அடுப்புக்கரியை அரைத்துப் பூசினமாதிரி இருந்தாலும் அது ஆம்பளை நிறம், அதற்கொன்றும் குறைச்சல் இல்லை. முத்து பேருக்குப் பொருத்தமான நிறம், நல்ல உயரம், எடுப்பான மூக்கு, வயசு முப்பதைத் தாண்டியிருந்தது. அப்பா செத்த பிறகு ஸ்டூடியோவை அவள்தான் நடத்தினாள். ஊரில் எந்தப் பெண்ணுக்கு வரன் பார்த்தாலும் முதலில் அவளிடம் வந்துதான் படம் எடுப்பார்கள், எடுத்துவிட்டு, "கொஞ்சம் பென்சில் போட்டுரு தாயி" என்பார்கள். நெகட்டிவில் முகத்தின்மேல் பொடிப்பொடியாகப் பென்சில் ஓட்டினால் அச்சில் முகம் வெளுத்து வரும். ஊரில் பாதிப் பெண்களை அப்படி வெளுத்து அனுப்பியவள் முத்துதான். தன்னுடைய படத்துக்கு மட்டும் ஒரு நாளும் பென்சில் போட்டதில்லை. "எம்மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?" என்பாள். அதனாலேயே வந்த வரன் எல்லாம் வாசலோடு போனது, சீனியம்மாள் அழுவாள், முத்து அழமாட்டாள்.

கல்லைப் பார்க்க ஊர் திரண்டது. கோவில்பட்டியிலிருந்து காலேஜ் வாத்தியார் ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பையிலிருந்த கருவியை வைத்துப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல கல்லுக்கூட்டம் ஒண்ணு சூரியனைச் சுத்திக்கிட்டே கிடக்கு. அதுல வெளிவட்டம், வியாழனை ஒட்டுன ஓரம், அங்க கிடந்த கல்லு இது. சூரியனை ஒருதரம் சுத்திவர அஞ்சாறு வருஷம் பிடிக்கும். மேல விழுற வெளிச்சத்துல ஏதோ பேருக்குக் கொஞ்சத்தைத் திருப்பிக் குடுக்கும், மிச்சத்தைத் தானே வச்சுக்கிடும்."

"இரவல் வாங்குன பாத்திரத்தைத் திருப்பித் தராதவங்க நம்ம ஊருக்குப் புதுசா?" என்று ஒரு பொம்பளை சொல்ல, ஊரே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டு, கிளம்பும்போது கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

எல்லோரும் சிரித்தபோது சிரிக்காமல் நின்றவர், சிவத்த உடம்புக்காரரான கல்யாணத் தரகர் சங்கிலி. அவர் காதில் விழுந்தது இரண்டே சொல், செவ்வாய், வியாழன். செவ்வாய் தோஷத்தில் எத்தனை கல்யாணம் நின்றிருக்கிறது, வியாழ நோக்கம் வந்துவிட்டதென்று எத்தனை கல்யாணம் நடந்திருக்கிறது, அதெல்லாம் அவருடைய பிழைப்பு. செவ்வாயைத் தாண்டி, வியாழன் வாசலில் கிடந்த கல் தானாகக் கிளம்பி வந்து கழுகோடையில் உட்கார்ந்தால் அது கல்யாணத்துக்கு வராமல் கருமாதிக்கா வரும்? அந்த யோசனையோடு அவர் நிற்கும்போதே, ஆடு பத்திக்கொண்டு கல்லுக்கு முன்னால் போன ஒரு பெண் அவர் கண்ணில் பட்டாள். தினமும் பார்க்கிற பெண்தான், காட்டில் காய்ந்து கறுத்த பெண்தான், ஆனால் கல்லைக் கடக்கிற அந்த நேரத்துக்கு அவள் அவித்து உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளேரென்று இருந்தாள்.

"ஆத்தாடி!" என்றார் சங்கிலி, குடையைக் கீழே போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து கழுகோடையில் பெண் பார்க்கிறது என்றால் கல்லுக்குப் பக்கத்தில்தான். ஜமுக்காளம் விரித்தார்கள், நாற்காலி போட்டார்கள், பெண்ணைக் கல்லுக்கு முன்னால் காப்பித்தட்டோடு நிறுத்தினார்கள், மாப்பிள்ளை வீட்டார் சொந்தக்காரர்களிடம் காட்ட முத்து அங்கேயே படமும் எடுத்துக் கொடுத்தாள், பென்சிலுக்கு வேலையே இல்லாமல் போனது. வருஷக்கணக்காக வீட்டில் இருந்த பெண்களெல்லாம் வரிசையாகத் தாலி கட்டிக்கொண்டு போனார்கள். மளிகைக்கடைக்காரர் பழைய அரிசி மூட்டையைக் கல்லோரம் கொண்டுபோய் வைத்துப் புது அரிசியாக விற்றார், வேட்டி வெளுப்பாகத் தெரியட்டும் என்று ஓட்டுக் கேட்க வந்தவர்கள் அங்கேயே மேடை போட்டார்கள், எருமை வைத்திருந்தவர்கள் பசு என்று சொல்லி விற்கப் பார்த்து, எருமை கொம்பை ஆட்டிக்கொண்டு நாலடி தள்ளிப் போனதால் மாட்டிக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்டது எருமை மட்டுமா? கட்டிக்கொண்டு போன பெண்கள் புருஷன் ஊருக்குப் போகிற பஸ்ஸிலேயே பழைய நிறத்துக்கு வந்துவிட்டார்கள். மாமியார்மார் வேனைப் பிடித்துக்கொண்டு வந்து சண்டைக்கு நின்றார்கள். சங்கிலி அசரவில்லை. "நாங்க பொண்ணைக் காட்டுன எடம் இது. இங்க பாருங்க, காட்டுனபடியேதான இருக்கா? கல்லைவிட்டுத் தூரமாக் கூட்டிட்டுப் போனது உங்க தப்பு" என்றார். வந்தவர்களும் பார்த்தார்கள், அது சரிதானே என்று அவர்களுக்கும் பட்டது. அதனால் ஒவ்வொரு மாப்பிள்ளையாகப் பெட்டி படுக்கையோடு கழுகோடைக்கே வந்து, கல்லைச் சுற்றிக் குடிசை போட்டுத் தங்கிவிட்டான். வீட்டோடு மாப்பிள்ளைகளுக்கென்றே ஒரு தெரு உண்டாகி, அவர்களுக்குள் ஒரு கபடி டீமும் உண்டானது.

இவ்வளவுக்கும் நடுவே கல் பேசாமல் கிடந்தது. யாரும் கல்லைப் பார்க்கவில்லை, கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் பார்த்தார்கள். முத்துவுக்கு மட்டும் அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கடையடைத்துவிட்டு அதில் முதுகைச் சாய்த்து உட்காருவாள். எடுத்த படம் எதிலும் கல் விழவேயில்லை. பெண்களுக்குப் பின்னால் தாளைக் கத்தரித்து எடுத்தமாதிரி ஓர் ஓட்டைதான் இருந்தது. "உன்னைய ஒரு நாளைக்கு ஒழுங்கா எடுக்கணும்" என்று அதனிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அப்போதுதான் செண்பகராஜின் சேதி வந்தது. செண்பகராஜ் லாரி டிரைவர், கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாய் லோடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன், வெயிலில் காய்ந்து கன்னங்கரேல் என்று இருப்பான். கல் வருவதற்கு முந்தியே லைசென்சுக்குப் படம் எடுக்க முத்துவிடம் வந்திருக்கிறான். "பென்சில் போடவா?" என்று அவள் வழக்கம்போலக் கேட்டதற்கு, "எதுக்கு? நிப்பாட்டிக் கேக்கிறவனுக்கு மூஞ்சியும் படமும் ஒத்துப்போக வேண்டாமா? இருக்கபடியே இருக்கட்டும்" என்றான். அந்த ஒரு பேச்சில் முத்துவுக்கு அவனைப் பிடித்துப்போனது. சுற்றிவளைப்பானேன், ஆசைதான். அவனும் அதற்கப்புறம் லாரியோடு ஒரு படம், லாரி இல்லாமல் ஒரு படம், மீசை வைத்து ஒன்று, எடுத்து ஒன்று என்று வந்துகொண்டே இருந்தான். ஒரு மனுஷனுக்கு அத்தனை படம் எதற்கு? இப்போது சங்கிலி மூலமாக முறைப்படி கேட்டு அனுப்பியிருந்தான். அவன் அம்மா ஆவுடைத்தாய்க்கு ஒரே ஒரு நிபந்தனை, மருமகள் தன்னை மாதிரிச் சிவப்பாக இருக்க வேண்டும். சங்கிலி, "அதுக்கென்ன, கல்லு இருக்கு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"லைசென்சுப் படத்துக்கு ஆகாத பொய் பொண்டாட்டிக்கு மட்டும் ஆகுமாமா?" என்று கொதித்தாள் முத்து.

"அவங்க பாத்துட்டுப் போற வரைக்கும் கல்லோரமா நின்னாப் போதும்டி" என்றாள் சீனியம்மாள். "ஊருப் பொண்ணு எல்லாம் நிக்கலியா? நீதான படம் எடுத்துக் குடுத்த? இந்த வரனும் போச்சுன்னா அப்புறம் யாரு வருவா?"

நிற்கமாட்டேன் என்றால் செண்பகராஜ் போய்விடுவான். நின்றால் கிடைப்பான், ஆனால் கல்லோரம் நின்ற வெள்ளைக்காரி ஒருத்திக்குத்தான் அவன் தாலி கட்டுவான், முத்துவுக்கு இல்லை; அதுவும் போக, இருக்கபடி இருக்கட்டும் என்று சொன்ன வாய் நிஜ வாயா, சும்மா வாயா என்று அவளுக்கு ஒரு நாளும் தெரியாமலே போய்விடும். அன்றைக்குச் சாயங்காலம் கல்லில் சாய்ந்துகொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். எழுந்திரிக்கும்போது முகம் தெளிந்திருந்தது. "நிக்கேன்மா. வரச்சொல்லு" என்றாள்.

வந்தார்கள். ஆவுடைத்தாய் வெளிர்ப்பட்டில் சிவப்புக்கரை போட்ட சேலை கட்டி, முகத்தில் கெட்டியாகப் பவுடர் பூசி, நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். செண்பகராஜ் ஓரமாக நின்றான். முத்து காப்பித்தட்டோடு கல்லுக்கு முன்னால் வந்ததும் பனங்கிழங்கு நிறம் வந்துவிட்டது.

"பொண்ணு நல்ல நிறம்" என்றாள் ஆவுடைத்தாய், திருப்தியாக.

"நான் இவங்கள முந்தியே பாத்திருக்கேன்மா" என்றான் செண்பகராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சும்மா இருலே. பெரியவுக பாக்கும்போது உனக்கென்ன பேச்சு?"

அவன் சும்மா இருந்துவிட்டான். அதுதான் முத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, எல்லோரையும் கல்லையொட்டி வரிசையாக நிற்கவைத்தாள், ஆவுடைத்தாய், செண்பகராஜ், சங்கிலி, தன் அம்மா. எப்போதும் முகத்துக்குத் தகுந்த வெளிச்சம் வைக்கிறவள் அன்றைக்குக் கல்லுக்குத் தகுந்த வெளிச்சம் வைத்தாள். லென்ஸின் வாயை முழுக்கத் திறந்தாள், நீளமான ஒயரை இழுத்துப் பித்தானைக் கையில் வைத்துக்கொண்டு தானும் கல்லோரம் வந்து நின்றாள். "யாரும் அசையாதீங்க. இது கொஞ்சம் நேரம் பிடிக்கும்" என்றாள். பிடித்தது. சங்கிலி மூக்கு அரித்தும் அசையாமல் நின்றார்.

படத்தைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் போவது வழக்கம், அதனால் எல்லோரும் பின்வாசலில் காத்திருக்க, முத்து இருட்டறைக்குள் போனாள். சிவப்புப் பல்பின் வெளிச்சத்தில் தாளை மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டினாள். முதலில் வந்தது கல். ஓட்டையாக இல்லை, கல்லாகவே வந்தது; மடிப்பு மடிப்பாக, குழிகுழியாக, நரம்பு நரம்பாக, கறுப்புக்குள் இத்தனை கறுப்பா என்று அவள் வாய்விட்டுச் சொல்லும்படி, சூரியனை எத்தனையோ தரம் சுற்றிய அலுப்பும் வீறாப்பும் எல்லாம் தெரிய வந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் இரண்டு கண் வந்தது, எடுப்பான மூக்கு வந்தது, அது அவள். பிறகு ஒரு மீசை, ஒரு சங்கடமான சிரிப்பு, அது செண்பகராஜ். அம்மாவும் வந்தாள், வாயைப் பிளந்துகொண்டு. மற்றவர்கள் வருவார்கள் வருவார்கள் என்று பார்த்தாள், வரவேயில்லை.

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைக் கொண்டுவந்து ஆவுடைத்தாயின் கையில் கொடுத்தாள்.

"இதுல நான் எங்க?" என்றாள் ஆவுடைத்தாய்.

"இங்கதான் நின்னீங்க" என்று முத்து விரலை வைத்துக் காட்டினாள். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெறுமை இருந்தது, அதைச் சுற்றிச் சேலைக்கரை மட்டும் வளைந்து போனது. சங்கிலி நின்ற இடத்தில் மீசையும் குடையும் இருந்தன, நடுவில் ஆளில்லை.

"கண்ணைக் காணோம், மூக்கைக் காணோம்! என்னட்டி இது, சூனியமா?"

"இல்லத்தை. கல்லுக்கு வெளிச்சம் வச்சேன். அதுக்குப் பத்துற வெளிச்சம் உங்க நிறத்துக்குத் தாங்காது. எங்க நிறம் தாங்குது." முத்து அதைச் சவடாலாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். பிறகு கல்லை விட்டு விலகி, பொட்டலின் நடுவில், கல் வந்து ஒரு வருஷம் ஓடி மறு சித்திரை ஆகியிருந்த அந்த முழு வெயிலில் போய் நின்றாள். பனங்கிழங்கு நிறம் போய்விட்டது. "நான் இதுதான்" என்றாள். சொல்லும்போது அவள் செண்பகராஜைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

செண்பகராஜ் அம்மா கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தான். தலையை நிமிர்த்தி, "முன்னயே சொல்லியிருக்கணும், வாய் வரல, என் தப்புதான்" என்றான். "அம்மா, இவங்க இந்த நிறம்னு தெரிஞ்சுதான் நான் கேட்டேன்." முத்து பக்கம் திரும்பினான். "இந்தப் படத்துல எனக்கு ஒண்ணு பிரேம் போட்டுக் குடுங்க, வீட்ல மாட்டணும்."

"நான் இல்லாத படத்தை என் வீட்ல மாட்டப்போறியா?"

"சேலைக்கரை தெரியுதேம்மா."

சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆவுடைத்தாய் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள். எல்லோரும் அவள் லாரிக்குத்தான் போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் பொட்டலின் நடுவுக்குப் போய் முத்துவுக்கு எதிரில் நின்றாள், மேலும் கீழுமாகப் பார்த்தாள், வெயில் இருவர் மேலும் ஒரே மாதிரி விழுந்தது, பவுடர் வேர்வையில் கரைந்து வழிந்தது.

"கறுப்புதான்" என்றாள் ஆவுடைத்தாய்.

"ஆமாத்தை."

"இங்கன நின்னா எனக்கு மூக்கு விழுமா?"

"நல்லா விழும். கண்ணும் விழும்."

"அப்ப என்னைய எடு மொதல்ல. மத்ததை அப்புறம் பேசுவோம்." சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள், பவுடர் எல்லாம் தலைப்புக்கு வந்துவிட்டது. "ஏலே செண்பகராசு, அங்க என்ன மரமாட்டம் நிக்க? வந்து பக்கத்துல நில்லு. சம்பந்தி, நீங்களும் வாங்க."

வெட்டிக் கழுவியது போக ரோலில் ஒரே ஒரு படம்தான் மிச்சமிருந்தது. முத்து கேமராவைத் திருப்பி வைத்து, ஆவுடைத்தாயின் முகத்துக்குத் தகுந்த வெளிச்சம் வைத்துக் கண்ணைப் பொருத்தினாள். அப்போது அவர்களுக்குப் பின்னால் கல் அசைந்தது. மடியில் வைத்திருந்த பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்திரிக்கிற பொம்பளை மாதிரி அது நிதானமாக எழுந்து, டேங்கைத் தாண்டி, தூசி கிளப்பாமல், மேலே போகத் தொடங்கியது. வெயில் அதன் வயிற்றில் பட்ட இடத்தில் மடிப்பும் குழியும் நரம்பும் அத்தனையும் வெறும் கண்ணுக்கே தெரிந்தது, அப்படி ஒரு படம் இனி எந்தப் பிறவியிலும் கிடைக்காது, கேமராவை ஒரு சாண் தூக்கினால் போதும். முத்துவின் கை ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

எதிரில் அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ வருஷத்துக்கப்புறம் பவுடர் இல்லாமல், தன் மூக்குக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் அசையாதீங்க" என்றாள் முத்து, பித்தானை அழுத்தினாள்.

அந்தப் படம் இன்றைக்கும் ராஜா ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. ஆவுடைத்தாயின் முகத்தில் ஒரு சுருக்கம் பாக்கியில்லாமல் விழுந்திருக்கிறது, அதைக் காட்டத்தான் அவள் மாதம் ஒருமுறை ஆள் கூட்டிக்கொண்டு வருகிறாள். வீட்டோடு மாப்பிள்ளைகள் யாரும் ஊர் திரும்பவில்லை. பழகிப்போச்சு, கபடி டீம் வேறு இருக்கிறது என்கிறார்கள், பெண்டாட்டி நிறத்தைப் பற்றி இப்போது பேச்சே இல்லை. வெளியூர்க்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் மேல் மூலையில், வானத்தில், பிள்ளைக்குக் கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கிற கறுப்பைத் தொட்டு, "நெகட்டிவ்ல ஏதோ பட்டிருக்கு போல, கொஞ்சம் பென்சில் போட்டா மறைஞ்சிருமே" என்பார்கள்.

"இருக்கபடியே இருக்கட்டும்" என்பாள் முத்துக்கருப்பி.